சிஐடி டீச்சரும் அலமாரி மேல் கேமராவும்

அந்த மழலையர் பள்ளியில் அவரை முகத்துக்கு நேரே 'டீச்சர்' என்பார்கள். முதுகு திரும்பியதும் 'சிஐடி' என்பார்கள். அது அவருக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால்தான் அந்தப் பட்டத்துக்கே இழுக்கு.

கிரேயான் டப்பாவின் மூடி லேசாகக் கோணியிருந்தால் தன் வகுப்பில் யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். ஒரு தகப்பன் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்துக்கொண்டே பிள்ளையை விட வந்தால், காய்ச்சல் மருந்து கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள் என்று பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் சுடும். தலைமை ஆசிரியை "உங்க கிளாஸ் எவ்வளவு அழகா இருக்கு!" என்று ஆரம்பித்தால், அடுத்த வாக்கியத்தில் ஒரு வேலை தலையில் விழப்போகிறது என்று கைப்பையைத் தூக்கிக்கொள்வார். அவருடைய சந்தேகங்கள் அடிக்கடி பலித்தன. அதுதான் வினை. பலித்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தை யார்தான் விடுவார்கள்?

இந்த வேலையை அவர் தேடிக்கொண்டு வரவில்லை. மகளை இதே பள்ளியில் சேர்க்க வந்தபோது, அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். "கொஞ்ச நேரம் வாசல்ல உட்காருங்க" என்றார்கள். கொஞ்ச நேரம் சில வாரங்களாக நீண்டது. சும்மா உட்கார்ந்திருப்பவரின் கையில் முதலில் சாயக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். பிறகு மூக்குத் துடைக்கும் துணியைக் கொடுத்தார்கள். ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போனபோது வகுப்பையே கொடுத்துவிட்டார்கள். மாலை நேரத்தில் படித்துச் சான்றிதழும் வாங்கினார். மகள் வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். "பொண்ணு பாஸாகிப் போயிட்டா, நீதான் இன்னும் எல்கேஜியைத் தாண்டல" என்பது லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய கணவரின் பழைய கேலி.

டீச்சரின் சந்தேகங்களிலேயே மூத்தது பயிற்சிகளைப் பற்றியது. வருடத்துக்கு ஒருமுறை யாராவது வருவார்கள். சுவரில் பெரிய தாளை ஒட்டி, வண்ண வண்ண ஒட்டுச்சீட்டுகளில் 'உங்கள் மனதில் தோன்றுவதை எழுதுங்கள்' என்பார்கள். மனதில் தோன்றியதை அப்படியே எழுதினால் வேலை போய்விடும் என்பதால் எல்லோரும் 'அன்பு' என்று எழுதுவார்கள். பிறகு தேநீர், பிஸ்கட், குழுவாகப் புகைப்படம். ஒரு வருடம் 'ஆசிரியர் வளப்பெட்டி' என்று ஒன்று வந்து இறங்கியது. உள்ளே பளபளப்பான அட்டைகள், கைப்பொம்மைகள், தலையணை கனத்தில் ஒரு கையேடு. 'குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசவும்' என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. "குனிஞ்சு குனிஞ்சுதான் என் இடுப்பே போச்சு, இதை எழுதினவர் நிமிர்ந்து நின்னே மூக்கு துடைப்பாரா?" என்று டீச்சர் கேட்டார். கைப்பொம்மைகளில் இருந்த ஓநாயைப் பார்த்து ஒரு பையன் கால்சட்டையை நனைத்துவிட்டான். அதோடு பெட்டி தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய், வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

கடந்த ஒன்றிரண்டு வருடங்களில் டீச்சருக்குச் சந்தேகம் முற்றிக்கொண்டே வந்தது. ஆசிரியர் அறைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு முணுமுணுப்பாகிவிடுகிறது. வகுப்பில் உதவிக்கு இருக்கும் ஆயாம்மா பக்கத்தில் நின்று உதட்டை மட்டும் அசைக்கிறாள்; என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்ல டீச்சர், அப்புறம் சொல்றேன்" என்கிறாள். வீட்டில் கணவர் டிவியைப் பார்த்தபடியே வாய்க்குள் பேசிக்கொள்கிறார். "வாயில என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார். ஊரே சேர்ந்துகொண்டு தன்னிடமிருந்து எதையோ மறைக்கிறது என்று டீச்சர் முடிவுகட்டியிருந்தார். என்ன என்பதுதான் பிடிபடவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் தலைமை ஆசிரியை அந்த அறிவிப்பைச் செய்தார். ஆசிரியர் பயிற்சி மையத்திலிருந்து ஒருவர் வாரா வாரம் வருவார். வகுப்பு நடப்பதை வீடியோ எடுப்பார். பிறகு டீச்சரும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"எல்லா டீச்சருக்குமா மேடம்?" என்று கேட்டார் டீச்சர்.

"இப்போதைக்கு உங்களுக்கு மட்டும். நீங்கதானே சீனியர்."

சீனியர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கணக்குப் போட ஆரம்பித்தார். இந்த வருடம் சேர்க்கை குறைவு. அடுத்த வருடம் இரண்டு சிறு வகுப்புகளையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒரு வகுப்புக்கு இரண்டு டீச்சர் எதற்கு? யாரையாவது அனுப்ப வேண்டும் என்றால் சும்மா அனுப்ப முடியாது, சாட்சி வேண்டும். சாட்சி எடுக்கத்தான் கேமரா வருகிறது.

பயிற்சியாளர் குட்டையான பெண்மணி. முதுகில் மாணவி மாதிரி ஒரு பை. முதல் நாளே நேராக வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"படம் உங்களுக்குத்தான் டீச்சர். நீங்களும் நானும் மட்டும் பார்ப்போம். பேரன்ட்ஸ்கிட்டயும் டீச்சர் பயிற்சிக்கு மட்டும்னு சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருக்கோம்."

"மேடம் பார்ப்பாங்களா?"

"மாட்டாங்க."

"மார்க் போடுவீங்களா?"

"போட மாட்டேன்."

"அப்புறம் உங்களுக்கு இதுல என்ன கிடைக்குது?"

பயிற்சியாளர் சிரித்தார். "சம்பளம் தராங்க டீச்சர்."

வந்ததிலிருந்து இவள் சொன்ன ஒரே நம்பும்படியான பதில் இதுதான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். உடனே, நம்ப வைப்பதற்காகவே அப்படிச் சொல்லியிருப்பாளோ என்றும் தோன்றியது.

சின்னக் கேமரா ஒன்றைப் பொம்மை அலமாரி மேல் வைத்துவிட்டுப் பயிற்சியாளர் வெளியே போய்விட்டார். அவர் போனதும் டீச்சர் ஒரு பிள்ளையின் புத்தகப் பையை எடுத்து, ஏதோ வழக்கமாக மாட்டுகிற இடம் போல, அலமாரி மூலையில் மாட்டினார். வகுப்பு முடிந்து இருவரும் சாமான் அறையில், சுருட்டி வைத்த பாய்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தபோது, படம் முழுக்க மஞ்சள் வாத்து போட்ட ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பாட்டும் பிள்ளைகள் கூப்பிடும் குரல்களும் மட்டும் கேட்டன.

பயிற்சியாளர் கொஞ்ச நேரம் வாத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வாத்து நல்லா நடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு டேப்லெட்டை அணைத்தார்.

தலைமை ஆசிரியையிடம் புகார் போகும் என்று டீச்சர் காத்திருந்தார். போகவில்லை. அதுதான் அவரை இன்னும் உறுத்தியது. மாட்டிவிடக்கூடிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பவள் வேறு எதற்கோ காத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

அடுத்த வாரம் பையை மாட்டவில்லை. பதிலுக்கு, கேமராவுக்கென்றே ஒரு வகுப்பு நடத்தினார். குரல் தேனாக ஒழுகியது. கதை சொன்னார், கை தட்டினார், கடிக்க வந்தவனைக்கூடக் 'கண்ணா' என்றார். ஆயாம்மா வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினாள்.

அன்று காலையில் நடைவழியில் தலைமை ஆசிரியை ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "சிட்டுவோட அம்மா கொஞ்சம் வருத்தமா பேசினாங்க டீச்சர். நீங்க அவளைக் கண்டுக்கறதே இல்லன்னு வீட்டுல சொல்றாளாம். பார்த்துக்கோங்க."

சிட்டு என்பது வகுப்பிலேயே சின்னப் பெண். இரண்டு எட்டு தள்ளி நின்றால் கேட்காத குரல். அதனால் வந்த பெயர். அவளைத் தான் கண்டுகொள்வதில்லையா? டீச்சருக்குச் சுருக்கென்று குத்தியது.

மதியம் சாமான் அறையில் பயிற்சியாளர் டேப்லெட்டை டீச்சரின் இடது பக்க அலமாரியில் சாய்த்து வைத்தார். வலது பக்க ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தோணுதோ சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர்.

"குண்டாயிட்டேன்."

"சரி. வேற?"

"வேற என்ன? நல்லாத்தானே போகுது."

பயிற்சியாளர் படத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். வட்டமாக உட்காரும் நேரம். டீச்சர் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இடது தோள் பக்கம் சிட்டு வந்து நிற்கிறாள், வாய் அசைகிறது. டீச்சர் வலது பக்கம் திரும்பி வேறொரு பையனுக்குப் பதில் சொல்கிறார். சிட்டு போய்விடுகிறாள். சற்று நேரத்தில் மறுபடி வருகிறாள்.

"இங்க சிட்டு என்ன சொல்றா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"ஒண்ணும் சொல்லலையே. சும்மா வந்து நிக்கறா."

பயிற்சியாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "சொல்றாளே டீச்சர். இன்னொரு தடவை கேளுங்க." மறுபடி ஓட்டினார்.

டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் புகார். மதியம் அதே பிள்ளையின் படம். பேசாத பிள்ளையைப் பேசியதாகச் சொல்கிறாள். காதும் காதும் வைத்தாற்போல் இவர்கள் நடத்திக்கொண்டிருந்த விஷயம் இதுதான்.

"என்னைத் தூக்கணும்னா நேரா சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார். "ஒரு பச்சைக் குழந்தையை இழுத்து எதுக்கு இந்த நாடகம்? இருபது வருஷமா இதே பாய்ல உருண்டவ நான். பிள்ளைங்கள்ல இவ ஒசத்தி, இவ மட்டம்னு பார்த்ததில்ல."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே டீச்சர்."

"சொல்லாம சொல்றீங்க. அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்க. எங்க வெட்டினீங்க, எங்க ஒட்டினீங்கன்னு நான் பார்த்துக்கறேன்."

"அது உங்களோடதுதான்" என்று பயிற்சியாளர் அங்கேயே அனுப்பிவைத்தார். தயங்காமல் அனுப்பியதும் ஒரு சந்தேகத்துக்கு இடமாயிற்று.

வீட்டுக்குப் போனதும் கைகூடக் கழுவாமல் சோபாவில் உட்கார்ந்து, கணவரின் இயர்போனைப் போனில் செருகினார். இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு கவனித்தார்.

"என்னங்க, உங்க இயர்போன்ல ஒண்ணு செத்துப்போச்சு. நல்லதா ஒண்ணு வாங்கி வைக்க மாட்டீங்களா?"

கணவர் வந்து வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் கேக்குதே."

"எனக்குக் கேக்கல."

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு பாகம் வேலை செய்யவில்லை என்றால் அதைக் கழற்றிப் பக்கத்து லிஃப்டில் மாட்டிப் பார்ப்பது அவருக்குக் கைவந்த பழக்கம். "மாத்திப் போடு" என்றார். "வலதுல இருந்ததை இடதுல வை. இடதுல இருந்ததை வலதுல வை."

டீச்சர் மாற்றினார். செத்துப்போனது என்று அவர் சொன்ன துண்டு இப்போது வலது காதில் கணீரென்று பேசியது. கணீரென்று பேசிக்கொண்டிருந்த துண்டு இடது காதில் ஊமையாகிவிட்டது. நம்பாமல் மறுபடி மாற்றினார். மறுபடியும் மாற்றினார். கணவர் அவருடைய இடது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"நான் முணுமுணுக்கறேன், முணுமுணுக்கறேன்னு நீ திட்டும்போதெல்லாம் நான் இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். அதைக்கூட டீச்சர் திரும்பிப் பார்த்து, உதட்டைப் படித்துத்தான் புரிந்துகொண்டார்.

அதன் பிறகு வலது காதில் மட்டும் இயர்போனை வைத்து அந்த இடத்தைப் போட்டுக் கேட்டார். கேமரா அலமாரி மேல், சிட்டு நின்ற பக்கம்தான் இருந்தது. நூல் இழை மாதிரிக் குரல், ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

"டீச்சர், எங்க வீட்டுக்குப் பாப்பா வந்துருச்சு."

இரண்டாம் முறையும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை 'டீச்சர்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். நாலாம் முறை வரவில்லை. அலமாரியிலிருந்த மரக் கட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டு, கட்டையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார். வெகுநேரம் அழுதார். கணவர் வலது பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

காது மருத்துவர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். சத்தமே அனுப்பாமல் ஏமாற்றுகிறார்களோ என்று டீச்சருக்கு அங்கேயும் தோன்றாமல் இல்லை. இடது காதின் நரம்பு பழுதாகி வெகு நாளாயிற்று, கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தெரிந்திருக்காது என்றார் மருத்துவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பயப்படும்படி ஒன்றுமில்லை. போன கேட்கும் திறன் முழுசாகத் திரும்பாது. கருவி மாட்டினால் ஓரளவு கேட்கும். முன்பே வந்திருக்கலாமே என்று அவர் கேட்டதற்கு, "மத்தவங்க மேலதான் தப்புன்னு நினைச்சேன் டாக்டர்" என்றார் டீச்சர்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் வந்ததும் டீச்சர் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

"முதல் வாரம் பையோட படத்துல சத்தம் மட்டும் கேட்டப்பவே ஒரு மாதிரி பட்டுச்சு. பிள்ளைங்க கூப்பிடறாங்க, நீங்க சிலருக்கு மட்டும் பதில் சொல்றீங்க. ஆனா நிச்சயமா தெரியல. நீங்களே பார்த்துச் சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

"நானே பார்த்து! உங்க பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்களா? ஒருத்திக்குக் காது போச்சுன்னா, போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே? அந்தக் குழந்தை இன்னும் ஒரு வாரம் என் தோள்கிட்ட நின்னு திரும்பிப் போயிருக்காளே!"

பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். நீங்க என்னை நம்பல, இதைச் சொன்னா விரட்டிடுவீங்கன்னு நினைச்சேன்."

"விரட்டித்தான் இருப்பேன்" என்றார் டீச்சர். அந்தப் பதிலில் இருவருக்குமே லேசாகச் சிரிப்பு வந்தது.

டீச்சர் காதுக் கருவி வாங்கி, அதை முடிக்குள் மறைத்துக்கொண்டார். காது கேட்காதவள் என்று தெரிந்தால், அடுத்த வருடம் யாரை அனுப்புவது என்று யோசிக்கிறவர்களுக்கு வேலை சுலபமாகிவிடும். கணவரிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கினார். ஆனால் மூன்று வயதுக்காரர்களிடம் யார் சத்தியம் வாங்குவது? மடியில் ஏறி முடியைக் கோதிய ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். சாயங்காலம் எல்லாத் தாய் தகப்பன்மாரும் வாசலில் நிற்கையில், "டீச்சர் காதுல பட்டாணி இருக்கு!" என்று உச்சஸ்தாயியில் அறிவித்தான். ஆயாம்மா மட்டும் நிம்மதியாக மூச்சுவிட்டாள். "அப்பாடா. நான் கூப்பிடறது கேட்டும் கேக்காத மாதிரி இருக்கீங்கன்னு எத்தனை நாள் மனசுக்குள்ள வெச்சிருந்தேன் தெரியுமா டீச்சர்?" என்றாள்.

ஆசிரியர் அறையில் அத்தனை நாளும் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும் இப்போது தெரிந்தது. தேநீர்க் கோப்பைகளைக் கழுவாமல் போகிறவர் யார் என்பதுதான் பெரிய விவாதம். எல்லோரும் சந்தேகப்பட்டது அவரைத்தான், அது உண்மையும்கூட.

சிட்டுதான் வழிக்கு வரவில்லை. கருவி மாட்டிக்கொண்ட முதல் நாளே டீச்சர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வீட்டுக்குப் பாப்பா வந்திருக்காமே?" என்று ஆசையாகக் கேட்டார்.

சிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது எப்பவோ வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுக் கட்டை அடுக்கப் போய்விட்டாள்.

சந்தேகத்தோடு பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று டீச்சர் அன்றுதான் தெரிந்துகொண்டார். வற்புறுத்தவில்லை. முக்காலியை இடம் மாற்றி, இடது பக்கம் சுவர் இருக்கும்படி போட்டுக்கொண்டார். தினமும் கட்டை மூலையில் கொஞ்ச நேரம் போய்ச் சும்மா உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. பல நாள் கழித்து, மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டியில் விளையாடிக்கொண்டிருந்தபோது, சிட்டு சுற்றிக்கொண்டு வலது பக்கமாக வந்தாள். இரண்டு கையாலும் அவர் காதைப் பொத்தி, உள்ளே சொன்னாள்: "பாப்பா எப்பப் பார்த்தாலும் அழுதுகிட்டே இருக்கு. எனக்குப் பிடிக்கல."

"எனக்குச் சொன்னியே, ரொம்ப நல்லது" என்றார் டீச்சர். ஒரு கட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

இதோடு கதை முடிந்திருந்தால், சந்தேகமெல்லாம் காதில் இருந்த கோளாறுதான் என்று ஆகியிருக்கும். அப்படி ஆகவில்லை.

ஒரு நாள் நடைவழியில் போகும்போது தலைமை ஆசிரியையின் அறையிலிருந்து போன் பேச்சு கேட்டது. "அந்த வீடியோவையே போட்டுடுங்க. பசங்க சிரிக்கற இடம் நல்லா இருக்கு. டீச்சர் முகமும் பார்க்க அன்பா இருக்கும்." டீச்சர் நின்றுவிட்டார். புதுக் கருவி, சில சமயம் சொற்களைக் குழப்பிக் கொடுக்கிறது. முன்பு காது கேட்காமல் சந்தேகப்பட்டார், இப்போது கேட்டதையே சந்தேகப்பட்டார். யாரிடமும் சொல்லாமல், பள்ளியின் முகநூல் பக்கத்தை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தார்.

விளம்பரம் வந்தது. 'உங்கள் செல்லங்களுக்கு எங்கள் அன்பு' என்ற வாசகம். கீழே தேன் ஒழுகும் குரலில் அவர் கதை சொல்கிறார். ஓரத்தில் சிட்டு, முகம் முழுசாகத் தெரியும்படி, அவர் தோளருகே வந்து நின்று பேசிவிட்டுத் திரும்பிப் போகிறாள். பின்னணியில் இசை.

பயிற்சியாளருக்குப் போன் செய்தார். "நீங்களும் நானும் மட்டும்னு சொன்னீங்க."

மறுமுனையில் உண்மையான திகைப்பு. விசாரித்துவிட்டு அன்று மாலையே பயிற்சியாளர் நேரில் வந்தார். தலைமை ஆசிரியை பயிற்சி மைய அலுவலகத்தில் 'பள்ளிக்கு ஒரு பிரதி' என்று கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் யாரோ யோசிக்காமல் கொடுத்துவிட்டார்கள். "எனக்குத் தெரியாம நடந்தாலும் என் வாக்குதான் டீச்சர் போச்சு. வாங்க, நானும் வரேன்" என்றார்.

பிள்ளையை அழைத்துப் போக வந்த சிட்டுவின் அம்மாவிடம் டீச்சர் போனைக் காட்டினார். அந்த அம்மாவின் முகம் சிவந்தது. மூவரும் தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனார்கள்.

"உங்களுக்கு எதுலதான் டீச்சர் சந்தேகம் வராது?" என்று தலைமை ஆசிரியை அலுத்துக்கொண்டார். "நல்லதுக்குத்தானே போட்டேன். எவ்வளவு பேர் லைக் போட்டிருக்காங்க பாருங்க."

"இது சந்தேகம் இல்ல மேடம். பார்த்துட்டு வந்துதான் கேக்கறேன். பேரன்ட்ஸ்கிட்ட பயிற்சிக்குன்னு சொல்லி வாங்கினது விளம்பரத்துக்கு எப்படிப் போச்சு?"

"எங்க பொண்ணு முகத்தை ஊருக்கே காட்டச் சொல்லி நாங்க கேட்டோமா?" என்றார் சிட்டுவின் அம்மா.

தலைமை ஆசிரியை பூசி மெழுகப் பார்த்தார். பிறகு திடீரென்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "சேர்க்கை குறைஞ்சுக்கிட்டே போகுது. ரெண்டு கிளாஸை ஒண்ணாக்கச் சொல்லி மேலேருந்து நெருக்கறாங்க. யாரையும் அனுப்ப வேண்டாம்னுதான் என்னென்னவோ பண்ணிக்கிட்டிருக்கேன்."

அந்தக் குரலில் பொய் இருக்கிறதா என்று டீச்சர் வலது காதைக் கொடுத்துக் கேட்டார். இருப்பதாகத் தெரியவில்லை. "அதை எங்ககிட்ட முதல்லயே சொல்லியிருந்தா, கேட்டே எடுத்திருக்கலாமே மேடம்" என்றார். "பிள்ளைங்க முகம் தெரியாம, கை மட்டும் கட்டை அடுக்கற மாதிரி. நானே நின்னு நடிச்சுக் குடுத்திருப்பேன்."

விளம்பரம் அன்றே இறங்கியது. பின்னர் கைகளை மட்டும் காட்டும் படம் ஒன்று எடுத்தார்கள். அதற்கு அவ்வளவாக லைக் விழவில்லை. அடுத்த வருடம் வகுப்புகளை ஒன்றாக்கவும் இல்லை, சேர்க்கை பிரமாதமாகக் கூடவும் இல்லை. பயிற்சி மையத்தோடு தலைமை ஆசிரியைக்கு மனக்கசப்பு ஏற்பட்டதால் பயிற்சியாளரின் வருகை நின்றுபோனது. டீச்சருக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. சண்டை போட்டுப் பேச ஆள் இல்லாமல் போயிற்று.

ஒரு மாலை, பிள்ளைகள் போன பிறகு, பக்கத்து வகுப்பு டீச்சர் கதவோரம் வந்து நின்றார். இளையவர், இரண்டு வகுப்பும் ஒன்றானால் போட்டிக்கு நிற்க வேண்டியவர் என்பதால் இருவரும் அதுவரை சிரிப்போடு நிறுத்திக்கொள்வார்கள்.

"ஒரு பையன் என் கிளாஸ்ல கதை நேரத்துல மட்டும் எழுந்து ஓடறான் டீச்சர். ஏன்னே புரியல. வீடியோ எடுத்தா தெரியுமா?"

"எடுத்துத்தான் பார்ப்போமே" என்றார் டீச்சர். மறுநாள் அந்த இளையவரின் போனிலேயே எடுத்தார்கள். சாமான் அறையில் பாய்களுக்கு நடுவே உட்கார்ந்தபோது, இளையவர் போனைக் கையிலேயே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேடத்துக்கிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"போன் உங்களோடது. பார்த்ததும் அழிச்சிடுங்க. என் கண்ணு முன்னாடியே அழிங்க, எனக்கும் நிம்மதி."

பார்த்தார்கள். பையன் எழுந்து ஓடுகிறான். இளையவர் பின்னாலிருந்து கூப்பிடுகிறார். அவன் ஜன்னலருகே போய் நிற்கிறான்.

"பார்த்தீங்களா, வேணும்னே பண்றான்" என்றார் இளையவர். "சரி, அழிச்சிடறேன்."

"இருங்க, இருங்க." டீச்சர் இடத்தை விட்டு எழுந்து, போன் தன் வலது பக்கம் வரும்படி மாறி உட்கார்ந்தார். "எனக்கு என்னமோ இவன் ஓடல, எதையோ பார்க்கப் போறான்னு படுது. ஜன்னலுக்கு வெளியே அந்த நேரத்துல யார் வராங்க? இன்னொரு தடவை போடுங்க."